முன்-பின் கணக்கா, பக்கத்து ஊரா, குலுக்கலா?

குடியாத்தத்திலிருந்து சித்தூர் போகிற சாலையில், பரதராமிக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பழைய நெல் மண்டியில் எங்கள் பயிற்சிக் கூடம் நடக்கிறது. இருபது மெஷின். ஷூவுக்கு அப்பர், அதாவது மேல்பாகம், தைக்கக் கற்றுத் தருகிறோம். ஆம்பூர், பேரணாம்பட்டுக் கம்பெனிகளில் இந்த வேலைக்கு ஆள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சாயங்காலம் அதே கூடத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பு.

பயிற்சிக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் சிறையிலிருந்து திரும்பியவர்கள், பெரும்பாலும் செம்மரக் கேஸ். ஜவ்வாது மலையிலிருந்தும் அடிவார ஊர்களிலிருந்தும் கட்டை வெட்டப் போய், ஆந்திரச் சிறைகளில் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு ஜாமீனில் வந்தவர்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகும் இந்தப் போக்கு நிற்கவில்லை. கூலி இல்லாத மாதத்தில், கட்டை வெட்ட ஆள் பிடிக்கும் ஏஜென்ட் முன்பணத்தோடு வாசலில் நிற்கிறான், அவ்வளவுதான்.

எங்களுக்குப் பணம் கொடுக்கிறவர்கள் கேட்டது ஒரே கேள்வி: உங்கள் கூடத்தால் நிஜமாகவே ஏதாவது மாறுகிறதா? இதற்குப் பதில் தேட மூன்று வழிகளை நாங்கள் செய்து பார்த்துவிட்டோம். இரண்டு வருஷம் முன்-பின் கணக்கு, ஒரு வருஷம் பக்கத்து ஊர் ஒப்பீடு, போன வருஷத்திலிருந்து குலுக்கல்: எழுதிக் கொடுத்தவர்களில் சீட்டு வந்தவர்களைச் சேர்த்து, வராதவர்களோடு ஒப்பிடுவது. நான் குலுக்கல் பக்கம்.

முன்-பின் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். சேரும்போது சம்பாத்தியம் எவ்வளவு, ஆறு மாதம் கழித்து எவ்வளவு, கழித்துப் பார். ஒரு நோட்டு போதும், செலவே இல்லை. அறிக்கையும் அழகாக வரும். ஆனால் சிறையிலிருந்து வந்த வாரத்தில் எவனுக்கும் சம்பாத்தியம் கிடையாது. ஒருவன் நம் கதவைத் தட்டுவதே இருப்பதிலேயே மோசமான நேரத்தில்தான். அங்கிருந்து எந்தப் பக்கம் நகர்ந்தாலும் மேலேதான் போவான். வேலைப் பயிற்சித் திட்டங்களில் இது பழைய விஷயம். பயிற்சியில் சேர்வதற்குச் சற்று முன்னால் வருமானம் சரிந்திருப்பதை ஓர்லி அஷென்ஃபெல்டர் 1978-இலேயே காட்டினார். பொருளாதாரத்தில் அதற்கு அஷென்ஃபெல்டர் பள்ளம் என்றே பெயர்.

எங்கள் பள்ளத்தை நான் நேரில் பார்த்தேன். சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் இரண்டு பேர், ஒரே கேஸ், ஒரே வாரம் ஜாமீன். மூத்தவன் எங்களிடம் சேர்ந்து ஆறு மாதத்தில் ஆம்பூர் கம்பெனிக்குப் போனான். அறிக்கையில் அவன் கதையைத்தான் முதலில் எழுதியிருந்தேன். அப்புறம் ஒரு நாள் குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் இளையவனைப் பார்த்தேன். பால் வண்டியில் கேன் இறக்கிக்கொண்டிருந்தான். எவ்வளவுப்பா வருது என்று கேட்டேன். அண்ணன் வாங்குவதற்கு நானூறு ரூபாய்தான் குறைவு. எங்கள் நோட்டில் மூத்தவன் மட்டும்தான் இருந்தான்.

முன்-பின் கணக்கை ஒரேயடியாகத் தள்ளவும் மாட்டேன். முன்னால் எடுத்த அளவு நல்ல அளவாக இருந்தால் அது பேசும். கொரோனாவில் பள்ளிகள் மூடிய பிறகு தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு அப்படிப்பட்டது. 2019-இலேயே எடுத்த அளவு கையில் இருந்ததால், அதே வயதுப் பிள்ளைகள் எவ்வளவு பின்தங்கினார்கள் என்று சொல்ல முடிந்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது, அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்பது அதில் தெரிந்தது. எங்களிடம் 2019 நோட்டு எதுவும் இல்லை.

அடுத்தது பக்கத்து ஊர். நம் ஆட்களைப் போலவே வயது, படிப்பு, கேஸ் உள்ளவர்களைத் தேடி, பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஒரு வருஷம் இதற்காகவே அலைந்தோம். ஆனால் எதை வைத்து ஜோடி சேர்ப்பது? வயது தெரியும், எத்தனை கேஸ் என்று தெரியும். ஏஜென்டிடம் முன்பணம் வாங்கியிருக்கிறானா என்று எந்தக் காகிதத்தில் இருக்கிறது? வாங்கியவன் ஆறு மாதம் மெஷின் முன்னால் உட்கார மாட்டான். எங்களிடம் வந்தவர்களில் பலர் வாங்காதவர்கள், அல்லது பொண்டாட்டி சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பியவர்கள். அப்படிப்பட்டவன் நாங்கள் இல்லாவிட்டாலும் ஓரளவு எழுந்திருப்பான்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்யும் விஷயம் இது ஒன்றுதான்: தானாக வந்தவனைத் தானாக வந்தவனோடுதான் ஒப்பிட வேண்டும்.

அமெரிக்காவில் 1975-இல் தொடங்கிய சப்போர்ட்டட் வொர்க் என்ற திட்டத்தில், சிறையிலிருந்து வந்தவர்கள், போதையிலிருந்து மீண்டவர்கள், உதவித்தொகையில் வாழ்ந்த தாய்மார்கள், படிப்பை விட்ட இளைஞர்கள் என நாலு வகை ஆட்களுக்கு வேலை கொடுத்தார்கள். ஆட்களைக் குலுக்கலில்தான் எடுத்தார்கள். அதனால் சரியான விடை கையில் இருந்தது. ராபர்ட் லலோண்ட் என்ற பொருளாதார ஆய்வாளர் 1986-இல் அதே கணக்கைக் குலுக்கல் இல்லாமல், வேறு கணக்கெடுப்புகளிலிருந்து ஜோடி சேர்த்துப் போட்டுப் பார்த்தார். விடைகள் தாறுமாறாக வந்தன. சிலவற்றில் லாபம் நஷ்டமாகவே மாறிவிட்டது. கெட்டிக்காரர்கள் கையிலேயே அப்படி என்றால், ஒரு டிவிஎஸ் எக்ஸெலும் நோட்டும் வைத்துக்கொண்டு நாங்கள் போட்ட ஜோடி எம்மாத்திரம்?

எல்லைக்கு அந்தப் பக்கமே இன்னொரு உதாரணம் இருக்கிறது. பிரைவேட் ஸ்கூல் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்பது நம் ஊர் நம்பிக்கை. 2008-இல் ஆந்திராவில் 180 கிராமங்களில், விண்ணப்பித்த குடும்பங்களுக்குள் குலுக்கல் போட்டுத் தனியார் பள்ளியில் படிக்க உதவித்தொகை கொடுத்தார்கள். நாலு வருஷம் கழித்துத் தெலுங்கிலும் கணக்கிலும் வித்தியாசம் இல்லை. இந்தி மட்டும் கூடியிருந்தது, செலவும் தனியாரில் குறைவு. சும்மா இரண்டு பள்ளியின் மார்க்கையும் பக்கத்தில் வைத்திருந்தால் தனியார்தான் ஜெயித்திருக்கும். அது பெருமளவு பள்ளி வாங்கித் தந்த மார்க் இல்லை, வீட்டுச் சூழல் வாங்கித் தந்த மார்க்.

சரி, குலுக்கலுக்கு வருகிறேன். போன வருஷம் இருபது இடத்துக்கு 41 பேர் எழுதிக் கொடுத்தார்கள். எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து, பெயர்களை அவர்கள் கண் முன்னாலேயே சீட்டில் எழுதி எவர்சில்வர் குடத்தில் போட்டோம். சாயங்காலப் படிப்புக்கு வரும் ஒரு சின்னப் பெண் எடுத்தாள். இருபதாவது சீட்டுக்கு அப்புறம் ஒரு அம்மா எழுந்து என்னிடம் வந்தார். "எம் புள்ள பேரு கொடத்துல இருந்துச்சா தம்பி?" என்று கேட்டார். குடத்தைக் கவிழ்த்துக் காட்டினேன். ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து, மகன் பெயர் எழுதிய சீட்டைக் கண்டுபிடித்துக் கையில் வைத்துக்கொண்டார். "இருக்குது. அப்ப சரி" என்றார். அந்தச் சீட்டைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

இது கொடுமை இல்லையா என்று எங்கள் குழுவிலேயே கேட்டார்கள். இடம் இருபதுதான் என்னும்போது இருபத்தொரு பேர் எப்படியும் வெளியே நிற்கத்தான் போகிறார்கள். முன்பெல்லாம் யார் நிற்பது என்பதைத் தலைவரின் போன் முடிவு செய்தது. கட்டாயக் கல்விச் சட்டத்தில் தனியார் பள்ளியின் 25 சதவீத இடத்துக்குக் கூட்டம் அதிகமானால் குலுக்கல்தான் என்பது இங்கே எல்லா வீட்டுக்கும் தெரியும். போன வருஷம் எனக்குச் சிபாரிசு போன் ஒன்றுகூட வரவில்லை.

குலுக்கலின் பாரம் பின்தொடர்வதில்தான் இருக்கிறது. சீட்டு வந்தவன் தினமும் கண்ணில் படுவான். வராதவன் நமக்கு ஏன் பதில் சொல்ல வேண்டும்? நம்பர் மாறும், பெங்களூருக்குப் போய்விடுவான், கேரளாவில் எஸ்டேட்டில் இருப்பான். அவனைத் தொலைத்துவிட்டால் குலுக்கியதே வீண். அதனால் ஆளுக்கு மூன்று நம்பர் வாங்குகிறோம்: அவனுடையது, அம்மா அல்லது மனைவியுடையது, ஊர்ப் பெட்டிக்கடையுடையது. அதைவிட உதவியது வாய்தா. சித்தூரிலோ திருப்பதியிலோ வாய்தா என்றால் எங்கே இருந்தாலும் வந்துதான் ஆக வேண்டும். தேதிகளை நோட்டில் குறித்து வைத்து, கோர்ட் வாசல் டீக்கடையில் உட்கார்ந்துவிடுவோம். இரண்டு டீ, பத்து நிமிஷப் பேச்சு, என்ன வேலை, என்ன கடன் என்று தெரிந்துவிடும். கேஸ் முடிந்தவர்களுக்கு இந்த வழி இல்லை. அவர்களில் மூன்று பேரை இன்னும் தேடுகிறோம்.

என்ன தெரிந்தது? முன்-பின் கணக்கில் மலையாகத் தெரிந்த வருமான வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. வலித்தது. ஆனால் நாங்கள் தேடாத ஒன்று தெரிந்தது: சீட்டு வந்தவர்களில் ஏஜென்டிடம் முன்பணம் வாங்கியவர்கள் குறைவு. மாதச் சம்பளம் ஒரே தேதியில் கைக்கு வருவதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இதற்கு மேல் அழுத்திச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இருபதும் இருபத்தொன்றும் ரொம்பச் சின்ன எண். ஒருவன் மறுபடி கைதானால் கணக்கு ஐந்து சதவீதம் ஆடிவிடும். திரும்பச் சிறைக்குப் போவது குறைகிறதா என்று கேட்டால் எங்கள் அனுபவம் போதாது. அதற்கு நான் நம்புவது நியூயார்க்கில் சிறையிலிருந்து வந்த 977 பேரைக் குலுக்கலில் பிரித்து மூன்று வருஷம் பின்தொடர்ந்த ஆய்வை. அங்கேயும் தற்காலிக வேலை கொடுத்ததால் வந்த சம்பாத்திய லாபம் முதல் வருஷத்தோடு கரைந்துவிட்டது. ஆனால் மறுபடி குற்றத்தில் சிக்குவது குறைந்தது, அதுவும் வெளியே வந்து மூன்று மாதத்துக்குள் சேர்ந்தவர்களிடம் அதிகமாக. இதைப் படித்த பிறகுதான், ஜாமீன் கிடைத்த வாரமே வீட்டுக்குப் போய்ப் பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தோம்.

நன்றி சொல்வதை மட்டும் சாட்சியாக எடுக்க முடியாது என்பதும் எனக்கு இப்போது உறுதி. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் 1939-இல் 506 பையன்களைக் குலுக்கலில் பாதி பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வருஷக்கணக்கில் வழிகாட்டினார்கள். பெரியவர்களான பிறகு அவர்களில் பலர் அது உதவியது என்றே சொன்னார்கள். ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் 1978-இல் வெளியிட்ட கணக்கில் சில விஷயங்களில் அந்தப் பாதிதான் மோசமாக இருந்தது. குலுக்காமல் இருந்திருந்தால் நன்றி மட்டும்தான் பதிவாகியிருக்கும்.

பிள்ளைகளின் சாயங்காலப் படிப்புக்கு நான் குலுக்கவில்லை. வாசலில் வந்து நிற்கிற குழந்தையைத் திருப்பி அனுப்ப மனம் வராது, இடத்துக்கும் தட்டுப்பாடு இல்லை. அங்கே ஜூனில் ஒரு முறை, மார்ச்சில் ஒரு முறை வாசிக்க வைத்துக் குறித்துக்கொள்கிறோம். அது முன்-பின் கணக்குதான் என்பதை அறிக்கையிலேயே எழுதிவிட்டேன்.

சீட்டு வராதவர்களுக்கு அடுத்த சுற்றில் முதல் இடம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம். அவர்கள் சேர்ந்துவிட்டால் ஒப்பிட ஆள் இருக்க மாட்டார்கள். சிறை விஷயம் தெரிய இரண்டு வருஷமாவது வேண்டும். காத்திருக்கும் காலத்தை நீட்டலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். அந்த அம்மா சீட்டோடு போனதை நினைத்து நான் ஒப்புக்கொள்ளவில்லை. தை முதல் வாரம் அவர் மகன் சேர்கிறான். அதற்குள் மீதிப் பேரைப் பார்த்தாக வேண்டும். வருகிற வாரம் திருப்பதியில் ஆறு பேருக்கு வாய்தா, அதில் நாலு பேர் சீட்டு வராதவர்கள். முதல் பஸ்ஸில் போகிறேன்.