மூன்று வருஷச் சந்தாவும் கோயில் செயலாளரின் கோபமும்

போன வாரம் அட்டையில் மறுபடியும் பணம் கழிந்தது. நூறு மலேசிய வெள்ளிக்குக் கொஞ்சம் மேல், இது நான்காவது வருஷத்துக்கு. அன்று சாயங்காலமே பாகான் செராய் உறுமி மேளக் குழுத் தம்பி ஒருவர் புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்டார்: "அண்ணே, உங்க முனியாண்டி பாட்ட எதுல போட்டு விட்டீங்க? நாங்களும் அதையே எடுக்கலாமா?"

நம் பாட்டை ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்ற இடங்களுக்கு அனுப்பிவைக்கும் சேவை அது. ஆண்டுச் சந்தா கட்டினால் எத்தனை பாட்டு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம் என்கிற வகை. பெயரை அவருக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன். இங்கே வேண்டாம், திட்டப் போகிறேன்.

பதிவுக்குப் பெரிய செலவில்லை. சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் பழைய லயத்து வீட்டு நடு அறைதான் ஸ்டூடியோ. தகரக் கூரை, மழை வந்தால் அன்றைக்கு வேலை இல்லை. மைக்கைக் கணினியோடு இணைக்கும் பழைய ஆடியோ இன்டர்ஃபேஸ் 280 வெள்ளி, ஒலிப்பதிவுக்கான ரீப்பர் மென்பொருள் உரிமம் 60 அமெரிக்க டாலர். எங்கள் குழுவிடம் ஏற்கெனவே இருந்த எஸ்எம்58 மைக்கை வைத்தே குரல், மேளம் எல்லாம். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது வரும் அந்த உறுமல் கைப்பேசி ஸ்பீக்கரில் காணாமலே போய்விடும். அடி ஒலியை (பாஸ்) ஏற்றிப் பயனில்லை. குச்சி தோலில் உரசும் சத்தத்தைக் கொஞ்சம் தூக்கிய பிறகுதான் உறுமி இருப்பதே தெரிந்தது.

ஏற்றுவதும் சுலபம். வேவ் ஒலிக்கோப்பு, 3000-க்கு 3000 பிக்சல் அட்டைப்படம், அவ்வளவுதான். தடுக்கிய இடம் பாடலாசிரியர் பெயர். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். பாட்டை எழுதியவர் என் அப்பா. பால் மரம் சீவியவருக்குக் கடைசிப் பெயர் எங்கே இருக்கிறது? தாத்தா பெயரைப் போட்டு நிரப்பினேன்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். பாட்டை ஏற்றும்போது ஒரு சின்னக் கட்டம் இருக்கும்: யூடியூபில் யார் உங்கள் பாட்டைப் பயன்படுத்தினாலும் காசு உங்களுக்கு. கூடுதல் கட்டணம் கொஞ்சம்தான், டிக் போட்டுவிட்டேன். யூடியூபின் கன்டென்ட் ஐடி நம் பதிவை அடையாளம் வைத்துக்கொண்டு, அது எந்த வீடியோவில் ஒலித்தாலும் உரிமை கோரும். ஒலியைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது.

அந்த வருஷத் திருவிழாவில் பால்குடம் வரும்போது கோயில் ஒலிபெருக்கியில் எங்கள் பாட்டைத்தான் போட்டார்கள். பென்டிரைவைக் கொடுத்ததே நான்தான். வீடியோ கோயிலின் யூடியூப் பக்கத்தில் ஏறிய மறுநாள் செயலாளர் அழைத்தார். "தம்பி, நம்ம கோயில் வீடியோவுக்கே உரிமை கேட்டு அனுப்பியிருக்கியே, இது நல்லா இருக்கா?" வீடியோ போகாது ஐயா, விளம்பரக் காசைத்தான் திருப்புவார்கள் என்று விளக்கினேன். விளக்க விளக்கக் கோபம் கூடியது. அதிலும் நியாயம் இருக்கிறது.

கோரிக்கையைத் திரும்பப் பெற என்னிடம் பொத்தான் இல்லை. சேவைக்கு எழுத வேண்டும். முதல் பதில் இயந்திரம் அனுப்பியது, இரண்டாவதும் அப்படித்தான் இருந்தது. பதினோராம் நாள் யாரோ மனிதர் பார்த்து விடுவித்தார். அதற்குள் கோயில் கூட்டத்தில் இது பேச்சாகிவிட்டது. யூடியூபைக் குறை சொல்ல மாட்டேன், சொன்னதைத்தான் அது செய்தது. முன்கூட்டியே கோயில் பக்கத்துக்கு விலக்கு வாங்கிவைக்கலாம் என்று இந்தச் சேவை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?

இன்னொன்று, சந்தா நின்றால் பாட்டும் போய்விடும். போன வருஷம் அட்டை காலாவதியானதைக் கவனிக்கவில்லை, மூன்று பாட்டும் மறைந்தன. திரும்ப ஏற்றும்போது அதே கோப்பையும் பழைய ஐஎஸ்ஆர்சி எண்ணையும் (ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள தனி அடையாள எண்) கொடுத்ததால், எத்தனை முறை கேட்டார்கள் என்ற பழைய கணக்கு திரும்பி வந்தது. பன்னிரண்டு எழுத்துள்ள அந்த எண்ணைக் கோயில் வசூல் நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்திருந்தேன், பிழைத்தேன். நீங்களும் எங்காவது எழுதி வையுங்கள். சேவை மாறினாலும் எண் கூடவே வரும்.

காசு? ஸ்பாட்டிஃபை 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்பட்ட பாட்டுக்குத்தான் பணம் கணக்கிடுகிறது. எங்களுடையதில் ஒன்றுதான் தாண்டியது. மூன்று வருஷ வரவு ஒரு வருஷச் சந்தாவுக்குக்கூடக் காணாது.

ஆனாலும், போன மாதம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஒன்று எங்கள் சந்திப்பில் நின்றது. உள்ளே எங்கள் பாட்டு. டிரைவர் யாரென்று தெரியாது. கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். பாட்டுக்குரிய விவரத்தைத் தட்டினால் எழுதியவர் இடத்தில் அப்பா பெயர், தோட்டத்துக் கிராணி பிறப்புப் பத்திரத்தில் எழுதிய அதே தப்பு எழுத்துக்கூட்டலோடு. "யாரு அது?" என்றார் டிரைவர்.

தம்பிக்கு எழுதினேன்: நான் புதிதாக ஆரம்பித்தால் ஒரு பாட்டுக்கு ஒரே தடவை பணம் வாங்கும் சேவையைத்தான் தேடுவேன். இதைப் பரிந்துரைக்க மனசு வரவில்லை. எடுத்தே தீருவேன் என்றால் யூடியூப் கட்டத்தில் மட்டும் டிக் போடாதே.

நேற்று ராத்திரி பதில் வந்தது. "எடுத்துட்டேன் அண்ணே. கடைசிப் பெயர்னு கேக்குது, என்ன போடுறது?"