வட்டைக் காவலுக்குப் போன் தெர்மல் கெமரா

போனின் டைப்-சி துளையில் செருகும், சூட்டைப் படமாகக் காட்டும் சின்னத் தெர்மல் கெமரா, 256×192 பிக்சல் சென்சர், 4.3 மி.மீ. லென்ஸ். வெல்லாவெளி, வவுணதீவுப் பக்க வட்டைகளில் (வயல்வெளிகளில்) யானைக் காவலுக்கு இதை வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் பொழுதுபடும் நேரத்துக்கு இதை நம்பிப் பரணில் இருக்க வேண்டாம்.

பகலெல்லாம் வெயில் குடித்த வரம்பும் பாறையும் இருட்டின பிறகும் சூட்டை விடாது. யானைத் தோல் தடிப்பு. உள்ளே 36 பாகை இருந்தாலும் வெளித்தோல் சுற்றுக் காற்றின் சூட்டை ஒட்டியே நிற்கும். தோலும் நிலமும் ஒரே சூட்டுக்கு வரும் அந்த நேரத்தில் பெரிய கொம்பனும் திரையில் கரைந்துவிடும். குளத்துச் சேறு பூசி வந்த யானையோ நிலத்தைவிடக் குளிர்ந்து கறுப்பாகத் தெரியும். சூடானது வெள்ளையாகத் தெரியும் என்று வெள்ளை உருவத்தை மட்டும் தேடுகிறவர் கண்ணில் அது படாது. சாமத்துக்குப் பிறகு வரம்பு ஆறிவிடும், படமும் தெளியும். தண்ணீர் கட்டிய வயல் மட்டும் விடியும்வரை வெதுவெதுப்பாக இருக்கும்; அங்கே யானையின் கால்களைத் தேடாமல், பின்னால் குளிர்ந்த வானம் தெரிகிற இடமானால் அதற்கு எதிரே எழும் முதுகைத் தேடுங்கள்.

இன்னொரு மறைப்பை நாமே மூட்டுகிறோம்: பரணடித் தீ. தீ படத்துக்குள் விழுந்தால் கெமராவின் செயலி, சூட்டை நிறமாகப் பிரிக்கும் தன் அளவுகோலைத் தீயின் சூடு வரை இழுத்துவிடும். வயலில் இருக்கும் நாலைந்து பாகை வித்தியாசம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும், யானையும் அதற்குள்ளேதான். தீயைப் பரணுக்குப் பின்பக்கம் மூட்டுங்கள். அளவுகோலை 22–34 பாகைக்குப் பூட்ட முடியுமா என்று வாங்கும்போதே கடையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பூட்ட முடியாத செயலி என்றால் கெமரா எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

தூரத்தைப் பற்றிக் கடைக்காரர் சொல்வதைவிடக் கணக்கை நம்பலாம். 100 மீற்றரில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 28 ச.மீ.; இரண்டரை மீற்றர் யானை ஒன்பது பிக்சல் உயரம், எருமை நாலைந்து. 200 மீற்றரில் இந்தப் பிக்சல் எண்ணிக்கை பாதியாகும். படுத்த எருமையா, தூரத்து யானையா என்று அடித்துச் சொல்ல முடியாது. சூம் பண்ணினால் கட்டங்கள் பெரிதாகுமே தவிரப் புது விவரம் வராது.

இடையிடையே 'டிக்' என்று படம் உறையும். அது பழுதல்ல, சென்சர் தன்னைச் சரிபார்க்கிறது. சில போன்களில் செட்டிங்கில் ஓ.டி.ஜி.யை (வெளிக்கருவியைப் போனில் செருகி இயக்கும் வசதியை) திறந்தால்தான் கெமரா வேலை செய்யும். மின்சாரம் போனிலிருந்தே போவதால் பற்றரி சீக்கிரம் இறங்கும். பவர் பேங்க் வேண்டும். பெரும்போக மழையில் மெல்லிய பொலித்தீன் பையை ஒற்றை மடிப்பாக இழுத்துக் கட்டினால் படம் கொஞ்சம் மங்கினாலும் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் உங்கள் முகச்சூடுதான் தெரியும்.