ஃப்ரெண்ட் தம்ம விட நான் வாங்கிக் குடுத்த வேப்: ஒன்றரை வருஷ அனுபவம்

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், சிகரெட் பழக்கமே இல்லாதவங்க இத படிச்சிட்டு வேப், அதாவது ஈ-சிகரெட், வாங்கக் கிளம்பிடாதீங்க, இது உங்களுக்கு இல்ல. தினமும் பாக்கெட் கணக்குல ஊதிட்டு விட முடியாம தவிக்கிறவனுக்கு என்ன வாங்கிக் குடுக்கலாம்ங்கிற கதை மட்டும் தான் இது. அப்புறம் சட்டம். இந்தியாவுல 2019லேருந்து ஈ-சிகரெட் விக்கிறது, இறக்குமதி பண்றது, ஸ்டாக் வெக்கிறது எல்லாமே தடை, சிங்கப்பூர்ல கையில வெச்சிருந்தாலே குற்றம், அதனால நீங்க இருக்கிற இடத்துல நிலைமை என்னன்னு பாத்துக்கோங்க. தடை இருக்கிற இடத்துல நிக்கோடின் பேட்ச், கம் எல்லாம் இருக்கு, டாக்டர்கிட்ட பேசுங்க.

சரி விஷயத்துக்கு வரேன். என் ஃப்ரெண்ட், ஸ்கூல்லேருந்து பழக்கம், 14 வருஷமா தம் அடிக்கிறவன். நாளைக்கு 20, டென்ஷன்னா 25. பேட்ச் ஒட்டிப் பாத்தான், கம் மென்னு பாத்தான், ஒரு தடவ எதுவுமே இல்லாம பல்லக் கடிச்சிட்டு 11 நாள் இருந்தான், பன்னெண்டாவது நாள் பழைய குருடி கதவத் திறடி. நானும் முன்னாடி ஊதினவன் தான், வேப்புக்கு மாறி அஞ்சு வருஷம் ஆச்சு, ஆனா எனக்கு அது காயில் (லிக்விட்ட சூடாக்கி ஆவியாக்குற கம்பிச் சுருள்) சுத்துறது, புதுசு புதுசா டேங்க் (லிக்விட் ஊத்துற சின்ன தொட்டி) சேக்கிறதுன்னு ஒரு தனிப் பைத்தியமாவே ஆயிடுச்சு. அதனால அவன் "மச்சான், நீ தான் இதுல பெரிய ஆளு, எனக்கும் ஒண்ணு செட் பண்ணிக் குடுடா"ன்னு கேட்டப்போ தலைகால் புரியல எனக்கு. அந்த பெருமையில தான் ஒன்றரை மாசம் வீணாப் போச்சு.

நான் என்ன பண்ணேன்னா எனக்குப் பிடிச்சத வாங்கிக் குடுத்தேன். ரெண்டு பேட்டரி தனியா போடுற பெரிய வேப், அதுக்கு மாட்னு பேரு, 0.2 ஓம் காயில், 70 வாட்டுல வெச்சா ரூமே தெரியாத அளவுக்கு புகை வரும், லிக்விட்ல நிக்கோடின் ஒரு மில்லிக்கு 3 மில்லிகிராம் தான். அவன் முதல் இழுப்பு இழுத்தான், கண்ணுல தண்ணி வர இருமினான், "டேய் இது என்னடா ஹுக்கா மாதிரி இருக்கு"ன்னான். பழகிடும்னு சொன்னேன். நாலு நாள் அந்த செங்கல்ல பாக்கெட்ல தூக்கிட்டு அலைஞ்சான், அஞ்சாவது நாள் பக்கத்துல வந்து உக்காந்தப்போ சட்டையில சிகரெட் வாடை. கேட்டதுக்கு "இத வெச்சு விளையாடலாம் மச்சான், ஆனா தம் வேணும்னு தோணும்போது இது தம் இல்லையே"ன்னான். நான் அப்பவும் அவன் மனசு வெக்கலன்னு தான் நெனச்சேன், தப்பு பூரா என் பக்கம்னு புரிய இன்னும் ஒரு மாசம் ஆச்சு.

சிகரெட் அடிக்கிறவங்க எப்படி இழுக்கிறாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? புகைய மொதல்ல வாய்க்குள்ள வாங்கி, ஒரு நொடி நிறுத்தி, அப்புறம் தான் நெஞ்சுக்குள்ள விடுவாங்க. நான் குடுத்த செட்டப்ல அது நடக்காது, அதுல காத்து தாராளமா வரும், மூச்சு இழுக்கிற மாதிரி நேரா நுரையீரலுக்கே இழுக்கணும். 14 வருஷமா ஒரு மாதிரி இழுத்தவன நாலு நாள்ல வேற மாதிரி இழுடான்னா எப்படி. அதோட அந்த 3 மில்லிகிராம் எனக்கே பத்துதுன்னா காரணம், நான் அந்த வாட்டுல ஒரு நாளைக்கு குடம் குடமா லிக்விட் காலி பண்றவன். அவன் பயந்து பயந்து நாலு பஃப் இழுத்தா அவனுக்கு என்ன போய்ச் சேரும்? நிக்கோடின் கம்மியா குடுத்தா நல்லதுன்னு நான் நெனச்சது தான் பெரிய முட்டாள்தனம். சிகரெட்ல ஆள அடிமையாக்குறது நிக்கோடின், ஆனா கேன்சருக்கும் நுரையீரல் நோய்க்கும் பெரும்பாலும் காரணம் புகையிலை எரியிறதுல வர்ற தாரும் மத்த ரசாயனமும். எரியிறத நிறுத்துறது தான் முதல் வேலை, நிக்கோடின குறைக்கிறத அப்புறம் நிதானமா பாத்துக்கலாம்.

ரெண்டாவது தடவ வாங்குறதுக்கு முன்னாடி அவன உக்கார வெச்சு கேள்வி கேட்டேன், மொதல்லயே கேட்டிருக்கணும். காலையில எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் தம்? "கண்ணு முழிச்சதும் பால்கனி தான்"ன்னான். நிக்கோடினுக்கு எவ்வளவு அடிமைன்னு அளக்கிற ஃபேகர்ஸ்ட்ரோம் டெஸ்ட்ல இந்த கேள்விக்கு வெயிட் ஜாஸ்தி, எழுந்து 5 நிமிஷத்துக்குள்ளன்னா முழு 3 மார்க். அப்படிப்பட்ட ஆளுக்கு 3 மில்லிகிராம் குடுத்திருக்கேன் நான்.

அப்புறம் வாங்கினது ஒரு சின்ன வேப், பாட்னு சொல்லுவாங்க, லைட்டர விட கொஞ்சம் நீளம், பட்டன் கூட கிடையாது, வாயில வெச்சு இழுத்தா தானா ஆன் ஆகும். காயில் 1 ஓம், 12 வாட் பக்கம் ஓடும், காத்து துவாரத்த நகத்தி இறுக்கமா வெச்சுக்கலாம், இந்த இறுக்கம் தான் சிகரெட் ஃபில்டர்ல இழுக்கிற ஃபீல குடுக்கும். 2 மில்லி டேங்க், வெளியிலேருந்து பாத்தா லிக்விட் எவ்வளவு இருக்குன்னு தெரியணும், இது ரொம்ப முக்கியம், ஏன்னா தெரியாம காலியா இழுத்தா காயிலுக்குள்ள லிக்விட்ட உறிஞ்சுற பஞ்சு கருகும். பேட்டரி 1000 எம்ஏஎச், டைப்-சி சார்ஜ். காயில் மட்டும் தனியா மாத்துற மாடலா பாத்து எடுத்தேன். அவன் யூஸ் பண்ணித் தூக்கிப் போடுறதே ஈஸின்னு சொன்னான், நான் ஒத்துக்கல, அதுல நிக்கோடின் படிப்படியா குறைக்க வழியில்ல, பேட்டரியோட குப்பைக்குப் போகுது, இங்கிலாந்துல 2025 ஜூன் 1லேருந்து அத விக்கவே தடை பண்ணிட்டாங்க.

லிக்விட்ல நிக்கோடின் சால்ட் 20 மில்லிகிராம். சாதாரண நிக்கோடின் இந்த அளவுல போட்டா தொண்டைய அறுத்துடும், சால்ட்ல பென்சாயிக் ஆசிட் மாதிரி ஒரு அமிலம் சேக்கிறதால காரம் அடங்கி மிருதுவா இறங்கும். ஐரோப்பாவுலயும் இங்கிலாந்துலயும் ஒரு மில்லிக்கு 20 தான் உச்சவரம்பு, வேற சில இடத்துல 50 வரைக்கும் விக்கிறாங்க, தயவுசெஞ்சு அதுல ஆரம்பிக்காதீங்க. லிக்விட்ல இருக்கிற ப்ரொபிலீன் கிளைகாலும் (பிஜி) வெஜிடபிள் கிளிசரினும் (விஜி) பாதிக்குப் பாதி. விஜி ஜாஸ்தியா இருந்தா கெட்டியா இருக்கும், சின்ன காயில் பஞ்சு வேகமா உறிஞ்சாது.

முதல் நாள் கூத்த சொல்லியே ஆகணும். காயில மாட்டுறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கிற வெள்ளைப் பஞ்சு ஓட்டை மேல ரெண்டு மூணு சொட்டு விடணும், அப்புறம் டேங்க நெரப்பி 10 நிமிஷம் சும்மா வெச்சிடணும், பஞ்சு முழுசா ஊறணும். எல்லாம் சொல்லிட்டு நான் கை கழுவப் போன கேப்புல இவனுக்கு பொறுமை இல்லாம இழுத்துட்டான். திரும்பி வந்தா முகம் அஷ்டகோணலா இருக்கு, பஞ்சு கருகின அந்த நாத்தம் ஒரு தடவ வந்துட்டா அந்த காயில் அவ்வளவு தான், கழுவினாலும் போகாது. நல்லவேளை பாக்ஸ்ல இன்னொண்ணு இருந்துச்சு. அடுத்த காயிலுக்கு போன்ல டைமர் வெச்சிட்டு எதிர்ல உக்காந்து மொறச்சிக்கிட்டே இருந்தேன்.

இழுக்கிறதும் சொல்லிக் குடுக்கணும். சிகரெட்ல சட்டுனு ஒரு இழுப்பு, இதுல மெதுவா மூணு நாலு நொடி, ஸ்ட்ரால உறிஞ்சுற மாதிரி. வேகமா இழுத்தா ஆவிக்கு பதிலா சூடான லிக்விட் வாயில தெறிக்கும், அவனுக்கு நாக்குல ரெண்டு தடவ பட்டுச்சு. மூணு பஃப் அடிச்சிட்டு ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசல, அப்புறம் "ம்ம்... இது தம் மாதிரி இருக்குடா"ன்னான். சொல்லிட்டே ஜன்னல் கட்டையில அந்த பாட வெச்சு ஆள்காட்டி விரலால தட்டினான், சாம்பல் தட்டுறானாம். ரெண்டு பேரும் வயிறு வலிக்க சிரிச்சோம், ஆனா அந்த தட்டுற பழக்கம் இன்னும் போகல, ஒன்றரை வருஷம் ஆகியும் பேசிட்டே இருக்கும்போது தட்டுறான்.

அதோட எல்லாம் சுபம்னு நெனச்சிடாதீங்க. மூணாவது நாள் தலைவலி, குமட்டல்னு போன் பண்ணான். விசாரிச்சா லேப்டாப் முன்னாடி உக்காந்து விடாம உறிஞ்சிட்டு இருந்திருக்கான். சிகரெட்டுன்னா தானா முடிஞ்சிடும், அணைச்சிட்டு எழுந்து வந்துடுவோம், இதுக்கு முடிவுன்னு ஒண்ணு கிடையாது, அது தான் இதுல இருக்கிற பெரிய வில்லங்கம். 10 பஃப் ஆனதும் கீழ வெச்சிடு, முன்ன மாதிரியே பால்கனிக்குப் போய் அடி, டெஸ்க்ல வேண்டாம்னு ஒரு கட்டுப்பாடு போட்டுக்கிட்டான், குமட்டல் போயிடுச்சு.

சிகரெட்டும் ஒரே நாள்ல போகல. முதல் வாரம் நாளைக்கு 6, ரெண்டாவது வாரம் 3, அப்புறம் அந்த காலையில அடிக்கிற ஒண்ணு மட்டும் ஒட்டிக்கிட்டே இருந்துச்சு. ஒண்ணு தானேன்னு விட்டுடக்கூடாது, ரெண்டையும் சேத்து ஓட்டினா பெருசா பலன் இல்ல, இதய நோய் ரிஸ்க் கொஞ்சூண்டு சிகரெட்டுலயே கணிசமா இருக்கும். கடைசியில ராத்திரி தூங்குறதுக்கு முன்னாடியே பாட நெரப்பி, சார்ஜ் போட்டு, தலையணை பக்கத்துல வெச்சுப் படுக்க ஆரம்பிச்சான், அப்படித்தான் அதுவும் போச்சு, மொத்தம் 5 வாரம்.

இப்ப பொருளப் பத்தின புகார். கசிவு தான் முதல் தலைவலி, பாக்கெட்ல படுக்கப் போட்டா அடியில ஈரம் கோத்துக்கும், உள்ள களகளன்னு சத்தம் வரும். டிஷ்யூவ திரி மாதிரி சுருட்டி நடு ஓட்டையில விட்டு எடுத்து, அடியில துடைச்சிட்டா சரியாயிடும், ஆனா வாரத்துக்கு ரெண்டு தடவ இத செய்யணும்னு யாரும் வாங்கும்போது சொல்றதில்ல. காயில் அவனுக்கு 10 நாள் வருது. நடுவுல ஒரு இனிப்பு ஃப்ளேவர் மேல ஆசைப்பட்டு வாங்கினான், சுக்ரலோஸ்ங்கிற செயற்கை இனிப்பு போட்ட லிக்விட் அது, நாலே நாள்ல காயில் கன்னங்கரேல்னு ஆயிடுச்சு. ஃப்ளேவர்ல இன்னொரு தப்பும் நான் பண்ணேன், சிகரெட் அடிக்கிறவனுக்கு டொபாக்கோ தானேன்னு வாங்கிக் குடுத்தேன், அவனுக்கு அது ஒவ்வொரு இழுப்புலயும் "இது அசல் இல்ல"ன்னு ஞாபகப்படுத்திச்சாம். மின்ட்டுக்கு மாறினான், ஒரு மாசத்துல நாக்கு ருசி திரும்பினதும் பழைய சிகரெட் வாடையே அவனுக்கு ஆகல.

பேட்டரி எட்டு மாசத்துல சோர்ந்து போச்சு, ஒரு நாள் தாங்கினது அரை நாள் ஆச்சு. ஒரு ராத்திரி ட்ராவல்ல ஆஃப் ஆயிடுச்சு, வழியில இறங்கி ஒரு பாக்கெட் வாங்கிட்டான். நாலு அடிச்சிட்டு மீதிய கசக்கிப் போட்டேன்னு அவனே போன்ல சொன்னான், நான் திட்டல, அடுத்த நாளே அதே மாடல்ல இன்னொண்ணு வாங்கிக் குடுத்தேன். இதுக்கு ஸ்பேர் ஒண்ணு மொத நாள்லயே வேணும், நான் தான் அசட்டையா விட்டுட்டேன். ஃப்ளைட்டுல போனா கேபின் பேக்ல தான் வெக்கணும், செக்-இன்ல போடக்கூடாது. சார்ஜருக்கு மேனுவல்ல சொன்ன ஆம்பியர பாத்துக்கோங்க. தனி பேட்டரி போடுற மாட் வெச்சிருக்கிறவங்க பேட்டரிய சாவி, சில்லறையோட ஒரே பாக்கெட்ல போட்டுடாதீங்க, ஷார்ட் ஆனா தீப்பிடிக்கும்.

லிக்விட் பாட்டில் விஷயத்துல மட்டும் விளையாட்டு வேண்டாம், வாசனையா கலரா இருக்கும், குழந்தை கையில கிடைச்சு வாயில ஊத்திக்கிட்டா விஷம். அவன் வீட்டுல மூணு வயசுப் பொண்ணு, பாட்டில் எல்லாம் பூட்டின டப்பாவுல அலமாரி மேல் தட்டுல. அதே மாதிரி யாரோ வீட்டுல கலந்து குடுக்கிற லிக்விட் வாங்காதீங்க. 2019-20ல அமெரிக்காவுல வேப் ஊதி நுரையீரல் பாதிச்சு 2,800 பேருக்கு மேல ஆஸ்பத்திரியில சேந்தாங்க இல்ல செத்துப் போனாங்கல்ல, அதுக்கு முக்கியக் காரணம்னு கண்டுபிடிச்சது கள்ளச்சந்தையில வந்த கஞ்சா எண்ணெய் கார்ட்ரிட்ஜ்ல கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்.

இதெல்லாம் வேலைக்கு ஆகுமான்னு கேட்டா, இங்கிலாந்துல 886 பேர வெச்சுப் பண்ண ஒரு ஆய்வு 2019ல வெளியாச்சு, ஒரு வருஷம் கழிச்சு சிகரெட் இல்லாம இருந்தது ஈ-சிகரெட் குடுத்த குரூப்ல 18 சதவீதம், பேட்ச் கம் குரூப்ல 9.9 சதவீதம். ரெண்டு பக்கமும் ஆலோசனையும் குடுத்தாங்க, வெறும் டப்பாவ கையில திணிச்சிட்டுப் போகல. ஆனா அதே ஆய்வுல இன்னொரு கணக்கும் இருக்கு, ஈ-சிகரெட்டால விட்டவங்கள்ல 80 சதவீதம் பேர் ஒரு வருஷம் கழிச்சும் அத ஊதிட்டே தான் இருந்தாங்க. இத அவன்கிட்ட மொதல்லயே சொல்லிட்டேன்.

அவனும் அந்த 80ல தான் இருக்கான். லிக்விட்ல நிக்கோடின் 20 மில்லிகிராம்லேருந்து ஆறு மாசத்துல 10க்கு வந்தான், அப்புறம் 6. போன மாசம் 3 மில்லிகிராம் ட்ரை பண்ணான், ரெண்டு நாளைக்கு வர்ற லிக்விட் ஒரே நாள்ல காலி, அதாவது கம்மியானத எல்லாம் கூட இழுத்து ஈடு கட்டிட்டான். "என்ன மச்சான் கணக்கு ஒண்ணு தானே"ன்னு அவனே சொல்லிட்டு 6க்கே போயிட்டான். மாடிப்படி ஏறும்போது இப்பல்லாம் நின்னு மூச்சு வாங்குறதில்ல, காலையில எழுந்ததும் வர்ற அந்த இருமலும் இல்ல. இப்போதைக்கு 6ல நிக்குது. அடுத்து எப்போ குறைக்கலாம்னு அவன் தான் சொல்லணும், வாராவாரம் கேட்டுட்டு இருந்தேன், போன மாசத்தோட அத நிறுத்திட்டேன்.