சுகர் ஸ்நாப் பட்டாணி விதை: நியூ ஜெர்சி தோட்டத்துக்கு வாங்கலாமா?

வேலி ஓரமா ஆறடிக்குக் கொடி ஏத்த இடம் இருக்குன்னா கண்ண மூடிட்டு சுகர் ஸ்நாப் வாங்குங்க. நான் எடிசன் பக்கம் இருக்கேன், வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் இடம்தான். தக்காளி, கத்திரி, வெண்டை எல்லாம் மே பாதி தாண்டித்தான் வெளிய வைக்க முடியும், அதுவரைக்கும் சும்மா கெடக்கற மண்ணுல மார்ச்லயே இத ஊனிட்டா ஜூன்ல பறிச்சு முடிச்சுட்டு அதே இடத்துல கொத்தவரையோ வெண்டையோ போட்டுக்கலாம், அதனாலயே எனக்கு இது ரொம்ப புடிக்கும்.

இது தோலோட முழுசா சாப்பிடற பட்டாணி. கால்வின் லாம்போர்ன்னு ஐடஹோல விதை ஆராய்ச்சி பண்ணவர், தோல் தடிச்ச ஒரு பட்டாணிச் செடியையும் ஸ்னோ பீங்கற தட்டைப் பட்டாணியையும் கலப்பு பண்ணி உருவாக்குன ரகம், 1979ல ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ்ங்கற புது விதை ரகங்களுக்கான போட்டில தங்க மெடல் வாங்குச்சு. ஸ்னோ பீ மாதிரி தட்டையா இருக்கறப்பவே அவசரப்பட்டு பறிச்சுடாதீங்க, உள்ள மணி நல்லா உருண்டு காய் பொடச்சு நிக்கணும், அப்பதான் இனிப்பு. காம்ப ஒடிச்சு இழுத்தா ஓரத்துல இருக்கற நார் முழு நீளத்துக்கு ஒரே இழுப்புல வரும், காய ரெண்டா ஒடிச்சா டக்குனு சத்தம் கேக்கும், வாய்ல போட்டா தண்ணியா இனிக்கும். கடைல ஸ்நாப் பீஸ்னு கவர்ல அடைச்சு விக்கறதுல இந்த ருசி கிடைக்கவே கிடைக்காது, ஏன்னா பறிச்ச உடனேயே அதுல இருக்கற சர்க்கரை மாவுச்சத்தா மாற ஆரம்பிச்சுடும்.

எப்ப ஊனணும்? இங்க பழைய தோட்டக்காரங்க எல்லாம் செயின்ட் பேட்ரிக்ஸ் டே, அதாவது மார்ச் 17னு சொல்வாங்க. தேதிய விட மண்ணப் பாருங்கன்னுதான் நான் சொல்வேன். ஒரு கைப்பிடி மண்ண எடுத்து அழுத்திப் பாருங்க, உருண்டையாவே ஒட்டிக்கிட்டு இருந்தா இன்னும் ஈரம் ஜாஸ்தி, உதிர்ந்தாதான் ஊனலாம். மண்ணு 40 டிகிரி பாரன்ஹீட்லயும் முளைக்கும், ஆனா ஒரு மாசத்துக்கு மேல இழுத்துடும், 50 டிகிரி இருந்தா ரெண்டு வாரம், 60 பக்கம் போனா பத்து நாளுக்குள்ள தலை காட்டிடும். இந்த விதை சுருக்கம் விழுந்த விதை, அதுல சர்க்கரை அதிகம், அதனாலயே ஜில்லுனு ஈர மண்ணுல ரொம்ப நாள் கெடந்தா அழுகிடும். ஒரு இன்ச் ஆழம், ரெண்டு இன்ச் இடைவெளி போதும். முளைச்சு வந்த குட்டிச் செடி லேசான பனிய தாங்கிக்கும், கவலையே வேண்டாம். வெயில்தான் இதுக்கு எமன், 80 டிகிரி தாண்டி அடிச்சா பூ கொட்ட ஆரம்பிச்சுடும், அதனால லேட்டா ஊனறது வேஸ்ட்.

குறைன்னு பாத்தா, நான் வாங்குன கவர்ல உடைஞ்ச விதை நிறைய இருந்துச்சு, கொடி எவ்வளவு உயரம் போகும்னும் போடல. மூணு நாலு டாலர் வாங்கறவங்க இத கூட எழுத மாட்டாங்களான்னு கோவம்தான் வந்துச்சு, ஆறடி சாதாரணமா போற கொடிக்கு உயரம்தான் முதல்ல தெரிய வேண்டிய விஷயம். பந்தலுக்கு தடி மூங்கில் மட்டும் நட்டா ஏறாது, இது சுத்திப் புடிச்சு ஏறற பற்றுக்கம்பி நூல் மாதிரி சன்னம், கால் இன்ச்சுக்கு மேல தடிமனா இருந்தா சுத்திப் புடிக்காது. நைலான் வலையோ சணல் கயிறோ கட்டுங்க, விதை ஊனறப்பவே கட்டிடுங்க. இன்னொண்ணு, ஜூன்ல இலைல வெள்ளையா மாவு தூவுன மாதிரி சாம்பல் நோய் வரும். அது தொல்லைன்னா சூப்பர் சுகர் ஸ்நாப்னு ஒண்ணு இருக்கு, அந்த நோய நல்லா தாங்கும், ருசில மட்டும் பழசுதான் ஒரு படி மேலன்னு எனக்குத் தோணுது. அபார்ட்மென்ட் பால்கனின்னா சுகர் ஆன் வாங்குங்க, ரெண்டு அடிதான் வளரும், சீக்கிரமும் காய்க்கும்.

கூடவே இனாகுலன்ட்னு ஒரு கருப்புப் பொடி விப்பாங்க, வேர் முடிச்சுல தழைச்சத்து சேக்கற பாக்டீரியா அது. இதுவரைக்கும் பட்டாணி போடாத மண்ணுன்னா வாங்குங்க, ஏற்கனவே போட்ட இடம்னா தேவையில்ல. முயல், கிரவுண்ட்ஹாக் வர்ற ஏரியான்னா அந்தக் காசுக்கு கோழி வலை வாங்கி அடில சுத்திடுங்க, இளம் செடிய ஒரே ராத்திரில மொட்டையடிச்சுடும்.

சமைக்கறதுன்னா கடுகு, உளுந்து, காஞ்ச மிளகா தாளிச்சு, காய போட்டு ரெண்டு நிமிஷம் வதக்கி தேங்கா தூவி இறக்கிடுங்க, அதுக்கு மேல அடுப்புல வச்சா அந்த மொறுமொறுப்பு போயிடும். எங்க வீட்டுப் பசங்க கொடிகிட்டயே நின்னு பறிச்சு தின்னுடறதால பாதிதான் அடுப்புக்கு வருது. காய்க்க ஆரம்பிச்சதும் ஒண்ணு விட்டு ஒரு நாளாவது பறிச்சுடணும், முத்த விட்டா கொடி புதுசா பூக்கறத நிறுத்திடும். விதைய பிப்ரவரிலயே வாங்கி வச்சுக்கோங்க, மார்ச் கடைசில போனா பல கடைல ஸ்டாண்டு காலியா இருக்கும்.