ஃபிராக்‌ஷன் டைல்ஸ் 51 பீஸ் செட்: ஆறாவது, ஏழாவது படிக்கிற புள்ளைக்கு தாராளமா வாங்கலாம்

பின்ன வகுத்தல்னாலே ‘ரெண்டாவத தலைகீழா போட்டு பெருக்கு’ அவ்ளோதான் சொல்லித் தர்றாங்க, ஏன் அப்படின்னு கேட்டா டியூஷன்லயும் பதில் இல்ல, பாப்பாவுக்கு கணக்கு பிடிக்காம போனதே அந்த இடத்துலதான். அதுக்காகத்தான் இந்த பிளாஸ்டிக் செட் வாங்குனோம். முழுசுக்கு ஒரு நீளப் பட்டை, அப்புறம் 1/2, 1/3, 1/4, 1/5, 1/6, 1/8, 1/10, 1/12, ஒவ்வொண்ணும் ஒரு கலர், எந்தக் கலர வரிசையா அடுக்குனாலும் முழுப் பட்டை நீளம் வந்துடும்.

இதோட அருமை தெரியணும்னா 1/2 ÷ 1/3 போட்டுப் பாருங்க, அதாவது அரைக்குள்ள 1/3 எத்தன தடவ அடங்கும்னு. அரைப் பட்டைக்குக் கீழ 1/3 வச்சா ஒண்ணு முழுசா உக்காருது, மிச்ச இடத்துல 1/6 கச்சிதமா பொருந்துது, உடனே பாப்பா விடை 1 1/6னு சொன்னா. நிறைய புள்ளைங்க இங்கதான் தப்பு பண்ணும். அவசரப்பட்டு திருத்தாதீங்க, நாம அளக்குறது 1/3 பட்டையாலதானே, அப்போ இந்த மிச்சத் துண்டு 1/3ல எவ்ளோன்னு மட்டும் கேளுங்க. ரெண்டு 1/6 எடுத்து 1/3 பக்கத்துல வச்சுப் பாத்துட்டு ‘பாதிம்மா, அப்ப ஒன்றரை’ன்னா பாருங்க, எனக்கு அவ்ளோ சந்தோஷம்!

ஓரலகு முறைக்கும், அதாவது ஒண்ணுக்கு எவ்ளோன்னு கண்டுபிடிக்கிற கணக்குக்கும், இதையே வச்சுக்கலாம். முக்கால் கிலோ தக்காளி 36 ரூபான்னா ஒரு கிலோ எவ்ளோ? மூணு கால் பட்டை எடுத்து வச்சா ஒவ்வொண்ணும் 12 ரூபா, இன்னொரு கால் சேத்தா கிலோ 48. அதாவது 3ஆல வகுத்து 4ஆல பெருக்குறோம், 36 ÷ 3/4க்கு 4/3ஆல பெருக்கச் சொல்றது இதத்தான். மனப்பாடம் பண்ண வேண்டிய வேலையே இல்ல.

குறைன்னா, 1/12 துண்டு ரொம்பப் பொடிசு, சோஃபாவுக்கு அடியில போய்டுது. மேல பிரிண்ட் பண்ணுன எண்ணும் லேசா அழிய ஆரம்பிச்சிருச்சு, எண்ண அச்சுலயே பொறிச்சு வர்ற செட் கிடைச்சா அத வாங்குங்க. ஏழுல ஒண்ணு, ஒம்பதுல ஒண்ணு இதுல கிடையாது, அதுக்கு பேப்பர்தான் வெட்டணும். வட்டமா பீட்சா துண்டு மாதிரி வர்றது வேணாம், வகுத்தலுக்கு நீளத்த பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும், வட்டத்துல அது சரியா வராது. முடிஞ்சா ரெண்டு செட்டா வாங்கிடுங்க, 1½ ÷ 1/4க்கு கால் பட்டையே ஆறு வேணும், ஒரு செட்ல நாலுதான் இருக்கு.