மரபணுச் சுற்றுக்கு எந்தக் கணக்கு: சமன்பாடா, பகடையா?

ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் ஒரு மரபணுச் சுற்றை, அதாவது ஒன்றையொன்று இயக்கவோ அடக்கவோ செய்யும் மரபணுக்களின் தொகுப்பை, வைப்பதற்கு முன் அதைக் கணினியில் ஓட்டிப் பார்க்க முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சராசரி அளவு நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று சொல்லும் வகைக்கெழுச் சமன்பாடு. மற்றொன்று, அடுத்து எந்த வினை எப்போது நடக்கும் என்பதைப் பகடை உருட்டுவதுபோல் ஒவ்வொன்றாகத் தீர்மானிக்கும், டேனியல் கில்லெஸ்பி 1977இல் விளக்கிய தற்செயல் முறை. ஐஜெம் என்ற உலகளாவிய செயற்கை உயிரியல் போட்டிக்குத் தயாராகும், இங்கே சிங்கப்பூரில் உள்ள தம்பி தங்கைகள், இவற்றில் எது சரி என்று கேட்கிறார்கள். உங்கள் கேள்வி குடுவை முழுவதையும் பற்றியதா, தனி ஒரு செல்லைப் பற்றியதா? அதை முதலில் சொல்லுங்கள்.

சமன்பாட்டு முறை எளிது. புரதம் உருவாகும் வேகத்திலிருந்து, அது சிதைவதையும் செல் வளரும்போது நீர்த்துப்போவதையும் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். கண் இமைக்கும் நேரத்தில் விடை வந்துவிடும். 2000இல் கார்ட்னர், கேன்டர், காலின்ஸ் மூவரும் ஒன்றையொன்று அடக்கும் இரு மரபணுக்களால் இரண்டு நிலைகளில் ஏதாவது ஒன்றில் நிற்கும் ஒரு நிலைமாற்றி செய்தார்கள். இரண்டு புரமோட்டர்களின் (மரபணுவை இயக்கிவைக்கும் டிஎன்ஏ பகுதிகளின்) பலமும் ஓரளவு ஒத்திருக்க வேண்டும் என்பதை அவர்களுக்குக் காட்டியது வெறும் இரண்டே சமன்பாடுகள்.

அதே ஆண்டு எலோவிட்ஸும் லைப்லரும் மூன்று அடக்கிப் புரதங்களை வளையமாகக் கோத்து, புரத அளவு மாறி மாறி ஏறி இறங்கும் ஓர் அலைவியை உருவாக்கினார்கள். சமன்பாட்டில் அலை ஒழுங்காக வந்தது. உண்மையில் ஏறக்குறைய 40 சதவீதச் செல்களில்தான் அலைவு தெரிந்தது. ஒரு தாயிலிருந்து பிரிந்த செல்கள்கூடத் தாளம் தப்பின. நல்லவேளையாக, அவர்கள் தற்செயல் முறையிலும் ஓட்டிப் பார்த்திருந்தார்கள். அதில் அலையின் உயரமும் இடைவெளியும் மாறிக்கொண்டே இருந்தன. மூலக்கூறுகள் குறைவாக இருந்தால் அப்படித்தான்: சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பார்கள், அரை மணி நேரம் ஒன்றும் வராது, அப்புறம் மூன்று சேர்ந்து வரும்.

நம் ஊர் உதாரணம் ஒன்று. 2011இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர், சூடோமோனாஸ் கிருமி விடும் சைகையை உணர்ந்து, பயோசின் என்ற நச்சுப் புரதத்தைத் தயாரித்து, பிறகு தானே வெடித்து அதை வெளியேற்றும் ஈ.கோலையை உருவாக்கினார்கள். எவ்வளவு சைகைக்கு எவ்வளவு பயோசின் என்று கேட்டால் சமன்பாடே போதும். சைகையே இல்லாதபோது எத்தனை செல்கள் வீணாக வெடிக்கும் என்று கேட்டால் அது பதில் சொல்லாது. சைகை இல்லாமலே கொஞ்சம் உருவாகிவிடும் வெடிப்புப் புரதத்தின் சராசரி அளவு, அதாவது கசிவு, செல்லை வெடிக்கவைக்கும் வரம்புக்குக் கீழே இருக்கலாம். ஆனால் ஒரு செல்லில் அது தற்செயலாக வரம்பைத் தாண்டினால் அந்தச் செல் போய்விடும். இங்கே நான் கில்லெஸ்பி பக்கம்தான், பலமுறை ஓட்டினால்தான் பரவல் தெரியும் என்றாலும்.

வினைகளின் வேகம் போன்ற மாறிலிகளை ஊகித்துப் போடும் தலைவலி இரண்டுக்கும் பொது. அதனால் முதலில் சமன்பாட்டில் ஓட்டி வடிவமைப்பைச் சலித்து, மிஞ்சியதைத் தற்செயல் முறைக்குக் கொண்டுபோங்கள். கோப்பாசி மென்பொருளில் ஒரே மாடலை இரண்டு விதமாகவும் ஓட்டலாம். செல்லின் கொள்ளளவை மட்டும் சரியாகக் கொடுங்கள்: ஈ.கோலைக்குள் ஒரு நானோமோலார் செறிவு என்றால் ஏறக்குறைய ஒரே ஒரு மூலக்கூறு. கொள்ளளவை மில்லிலிட்டரில் விட்டுவிட்டால், மூலக்கூறுகள் கோடிக்கணக்கில் பெருகி, தற்செயல் முறையில் கணக்கு நகரவே நகராது.