குட்டியானையா, சங்கிலி லாரியா, கூண்டா? பீன்யாவில் சிலிண்டர் ஏற்றும் மூன்று வழிகள்

பெங்களூரு பீன்யாவில் நம் ஆட்கள் நடத்தும் வெல்டிங் பட்டறைகளில் கேஸ் தீர்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டிதான். வாடகை குறைவு, எந்தச் சந்துக்குள்ளும் நுழையும். ஆனால் அதன் பக்கப் பலகை தாழ்வு. ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயர ஆக்சிஜன் சிலிண்டரை அதில் நிறுத்த முடியாது, படுக்கத்தான் வைக்க வேண்டும். நீளவாக்கில் வைத்தால் பிரேக் போடும்போது ஓட்டுநரின் முதுகை நோக்கிப் பாயும். குறுக்கே வைத்தால் பலகையைத் தாண்டி நீட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வண்டிக்கு வெளியே நீட்டக் கூடாது என்பது வாயு சிலிண்டர் விதி.

கட்டைகளால் முட்டுக்கொடுத்து ராட்செட் பெல்ட்டால் (நெம்பி இறுக்கும் பட்டை) இறுக்கினால் ஆக்சிஜனையும் ஆர்கானையும் ஒருவாறு கொண்டுவந்துவிடலாம். அசிட்டிலீனுக்கு இந்த வழி ஆகவே ஆகாது. அந்த மெரூன் சிலிண்டருக்குள் நுண்துளைப் பொருள் நிரம்பியிருக்கிறது. அதில் ஊறியிருக்கும் அசிட்டோனில்தான் வாயு கரைந்திருக்கிறது. படுக்கவைத்தால் அசிட்டோன் வால்வுப் பக்கம் சேரும். வந்ததும் வராததுமாக வெல்டிங் டார்ச்சில் மாட்டினால் வாயுவோடு அதுவும் வெளியே வரும். போதாக்குறைக்கு, ஆக்சிஜனையும் அசிட்டிலீனையும் ஒரே வண்டியில் ஏற்றுவதைத் தவிர்க்கச் சொல்கிறது விதி. "பக்கத்துத் தெருதானே அண்ணா" என்று வண்டிக்காரர்கள் அருகருகே அடுக்கிவிடுவார்கள்.

சங்கிலி லாரியில் எல்லாம் சங்கிலியால் கட்டப்பட்டு நின்றபடி வரும். சங்கிலி சிலிண்டரின் இடுப்புக்கு மேலே, மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் இருந்தால் சாயாது. இதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. காலையில் முழு லோடுக்கு அளந்து போட்ட சங்கிலி, நாலைந்து பட்டறைகளில் இறக்கிய பிறகு தொளதொளவென்று தொங்கும். தும்கூர் சாலையின் சர்வீஸ் ரோடு குழிகளில் மிச்சச் சிலிண்டர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் ஓசை தெருமுனையிலேயே கேட்கும். ஒவ்வொரு இடத்திலும் நிறுத்திச் சங்கிலியை மறுபடி இறுக்கும் லாரிக்காரர் கிடைத்தால் விடாதீர்கள். இன்னொன்று, இறக்கும்போது பழைய டயரைத் தரையில் போட்டு, லாரியிலிருந்து அதன்மேல் சிலிண்டரைத் தள்ளும் பழக்கம். வால்வு மூடி இல்லாத ஒன்று தலைகுப்புற விழுந்து வால்வு முறிந்தால், உள்ளே இருக்கும் 150 பார் அழுத்தம் அதை ராக்கெட்டாக்கிவிடும். கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம்தான்.

கூண்டு என்பது சிலிண்டர்களை ஒன்றாக அடுக்கி அப்படியே தூக்கி இறக்கும் இரும்புச் சட்டம். அதில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. சிலிண்டர் அசையாது, கையால் உருட்டவும் வேண்டாம். ஆனால் காலிச் சிலிண்டரே ஐம்பது கிலோ அளவில் இருப்பதால், பன்னிரண்டு அடுக்கிய கூண்டு அரை டன்னைத் தாண்டும். ஃபோர்க்லிஃப்ட் இல்லாத பட்டறைக்கு அது வாசலோடு நின்றுவிடும்.

மாதம் நாலைந்து சிலிண்டர் வாங்குபவருக்குச் சங்கிலி லாரிதான் என் தேர்வு. டீலர் டெலிவரிக்குத் தனியாகக் கட்டணம் கேட்டால் கொடுத்துவிடலாம். பின்பக்கம் ஹைட்ராலிக் தூக்குப்பலகை உள்ள வண்டியை அனுப்பச் சொன்னால் டயர் வித்தையும் தேவைப்படாது. கூண்டு பெரிய தொழிற்சாலைக்காரர்களுக்கு. குட்டியானையை நைட்ரஜன், ஆர்கான் அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதுவும் மூடி, முட்டு, பெல்ட் மூன்றும் இருந்தால்.